வேரில் வேம் இருந்தால் இலையில் புழு ஏன் திணறுகிறது

தக்காளி இலையின் ஓரத்தில் பச்சைக் காய்ப்புழு வாய் வைத்த சிறிது நேரத்திலேயே செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் ஏறத் தொடங்கிவிடும். அதுதான் செடி ஊதும் அபாயச் சங்கு. அடுத்த சில மணி நேரத்தில் கடிபட்ட இலையில் மட்டுமன்றி, மேலே இருக்கும் கடிபடாத இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சேரும். புழு தொடர்ந்து தின்னும், ஆனால் தின்றது உடம்பில் ஒட்டாது. குடலில் புரதத்தை உடைக்கிற நொதிகள் முடங்கிப்போவதால் எடை ஏறாது, தோல் உரிப்பது தள்ளிப்போகும், புழுப்பருவம் நீளும். நீள நீள, குளவியின் கண்ணிலோ பறவையின் அலகிலோ அது சிக்குகிற வாய்ப்பு கூடும். பூச்சி கடித்த உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில் இந்தத் தடுப்புப் பொருள் சேருவதை 1972-லேயே கிரீன், ரயன் இருவரும் காட்டிவிட்டார்கள்.

இது எல்லாத் தக்காளிச் செடியிலும் நடப்பதுதான். வேரில் வேம் (VAM) என்னும் நன்மை செய்யும் பூசணம் குடியேறிய செடியில் சங்கு சீக்கிரம் ஊதும், ஓங்கி ஊதும். 2013-ல் சீன ஆய்வாளர்கள் இதைத் தக்காளியிலும் காய்ப்புழுவிலும் தெளிவாகக் காட்டினார்கள். வேரில் பூசணத்தை மட்டும் ஏற்றினால் தற்காப்பு மரபணுக்கள் பெரிதாக அசையவில்லை. புழுவை மட்டும் விட்டால் ஓரளவு அசைந்தன. பூசணம் ஏற்றிய செடியில் புழுவை விட்டபோது அவை பல மடங்கு வேகமெடுத்தன, புழுவின் வளர்ச்சியும் குன்றியது. ஜாஸ்மோனிக் பாதை பழுதான தக்காளி வகைகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, பலன் வந்த வழி அந்தப் பாதைதான்.

வேம் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேம் பூச்சியைக் கொல்லாது, விரட்டவும் செய்யாது. செடியை முன்கூட்டியே தயார் நிலையில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். தற்காப்புப் பொருள்களை எப்போதும் உற்பத்தி செய்துகொண்டிருந்தால் செடிக்குச் செலவு அதிகம், விளைச்சல் அடிபடும். தயார் நிலைக்கு அந்தச் செலவு குறைவு. கடி விழுந்தால் மட்டும் வேகமாக எழுந்து நிற்கும். அதனால்தான் வேம் போட்ட வயலில் பூச்சியே இல்லாத காலத்தில் போய்ப் பார்த்தால் தற்காப்பில் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது.

வேம் என்பது வேர் உட்பூசணம். மைக்கோரைசா என்ற பெயரிலும் விற்கிறார்கள். வேரும் பூசணமும் கூடி வாழும் இந்த உறவுக்கு 1885-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் அந்தப் பெயரை வைத்தார். உறவு அதைவிட மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூசணத்தின் அடையாளம் இருக்கிறது. செடி தான் தயாரித்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. இலை உற்பத்தியில் 4 முதல் 20 சதவீதம் வரை இப்படிப் போகும். பூசணம் பதிலுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம் போன்ற மெதுவாக நகரும் சத்துக்களைக் கொண்டுவந்து தருகிறது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் மணிச்சத்து சீக்கிரம் காலியாகிவிடும். வேர்த்தூவி அதற்கு அப்பால் எட்டாது. சில மைக்ரான் பருமனுள்ள பூசண இழையோ பல சென்டிமீட்டர் தாண்டிப் போய் எடுத்து வரும்.

வேருக்குள் பூசணம் நுழையும்போது செடி முதலில் அதை நோய்க்கிருமி போலத்தான் நடத்துகிறது. லேசாகத் தற்காப்பை எழுப்பி, ஆள் அடையாளம் தெரிந்ததும் அடக்கிக்கொள்கிறது. அந்தச் சிறு உரசலும், பூசணம் குடியிருக்கும் வேர்ச்செல்களில் கூடிக் கிடக்கும் ஜாஸ்மோனிக் அமிலமும் சேர்ந்துதான் செடி முழுவதையும் உஷாராக்குகின்றன என்பது இப்போது சொல்லப்படும் விளக்கம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எல்லாப் பூச்சிக்கும் இது வேலை செய்யாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர்களுக்கோ இதுதான் தெரிய வேண்டும்.

இலையைக் கடித்துத் தின்னும் பல்பயிர்ப் புழுக்கள், அதாவது காய்ப்புழு, புரோடீனியா மாதிரி கண்டதையும் தின்பவை, வேம் ஏறிய செடியில் பொதுவாக மெலிகின்றன. இலைக்குள் சுரங்கம் போடும் பூச்சிகளுக்கும் சில நேரம் இதே கதிதான். ஒரே பயிர்க் குடும்பத்தை நம்பி வாழும் தனிப்பயிர்ப் பூச்சிகள் அப்படியில்லை. அந்தச் செடியின் நஞ்சுக்கு அவை ஏற்கெனவே பழகியவை. வேம் செடியின் சத்துள்ள இலை சில நேரம் அவற்றுக்கு விருந்தாகவே போய்விடும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளில் நிலைமை இன்னும் சிக்கல். அசுவினி, வெள்ளை ஈ போன்றவை இலையைக் கிழிப்பதில்லை. ஊசி போன்ற வாயைச் சாற்றுக் குழாயில் நேராகச் செருகுகின்றன. அப்போது செடி பெரும்பாலும் சாலிசிலிக் அமிலப் பாதையை எழுப்பும். சாலிசிலிக், ஜாஸ்மோனிக் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும் தன்மை கொண்டவை. வேம் ஜாஸ்மோனிக் பக்கம் செடியைச் சாய்த்து வைப்பதால் சாறு உறிஞ்சிகளுக்கு எதிராகப் பலன் நிச்சயமில்லை. பல சோதனைகளில் அசுவினி நன்றாகவே பெருகியிருக்கிறது. வேம் போட்டோம், ஆனாலும் அசுவினி அடங்கவில்லை என்று யாராவது சொன்னால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அசுவினி கதை அதோடு முடியவில்லை. தக்காளியில் 2004-ல் வந்த ஓர் ஆய்வில், வேம் ஏறிய செடியின் வாசனை அசுவினி ஒட்டுண்ணிக் குளவியைத் தன் பக்கம் இழுத்தது. இத்தனைக்கும் அந்தச் செடியில் அசுவினியே இல்லை. பீன்ஸ் செடியில் சிவப்புச் சிலந்தியை வைத்துப் பார்த்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. வேம் செடியில் சிலந்தி கூடுதலாக முட்டையிட்டது, அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்தியும் அதே செடியில் செழித்தது. இந்தப் பலன் வேண்டுமென்றால் வயலில் குளவியும் இரைவிழுங்கியும் உயிரோடு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொல்லும் பூச்சிக்கொல்லியை வாரம் தவறாமல் அடிக்கும் தோட்டத்தில் செடி யாரை அழைத்து என்ன பயன்?

வேரைத் தின்னும் புழுக்களில் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி வேரைக் கடிக்கும் கூன்வண்டுப் புழுவை வைத்து 2001-ல் செய்த சோதனையில் ஒரே ஒரு பூசண இனத்தை ஏற்றியபோது புழுக்கள் குறைந்தன. இரண்டு இனங்களைச் சேர்த்து ஏற்றியபோது அந்தப் பலன் காணாமல் போனது. பத்து இனம் கலந்தது என்று பையில் போட்டிருந்தால் பத்து மடங்கு பலன் என்று பொருளில்லை. கரும்பில் வேறொரு வழி தெரியவந்தது. வேம் ஏறிய வேரில் சிலிக்கா கூடுதலாகச் சேர்ந்து, அதைத் தின்ற வேர்ப்புழுவின் வளர்ச்சி குறைந்தது.

நெல்லுக்கு எச்சரிக்கை வேண்டும். வேம் ஏறிய நெற்பயிரில் நெல் நீர்க்கூன்வண்டு கூடுதலாக முட்டையிட்டதை 2011-ல் பதிவு செய்திருக்கிறார்கள். பயிரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறியதோடு அது ஒத்துப்போனது. அந்த வண்டு தொல்லை உள்ள இடத்தில் பூச்சி எதிர்ப்புக்காக என்று சொல்லி நெல்லுக்கு வேம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

செடிகள் பூசண இழை வழியாக ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்புகின்றன என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். அதற்கு அடிப்படையான சோதனை 2013-ல் பயறு குடும்பத்தைச் சேர்ந்த ஃபாவா பீன்ஸ் செடியில் நடந்தது. நடுவில் ஒரு செடி, சுற்றி நான்கு. சில செடிகளைச் சுற்றி 40 மைக்ரான் வலை. பூசண இழை நுழையும், வேர் நுழையாது. சிலவற்றுக்கு 0.5 மைக்ரான் வலை. இழையும் நுழையாது. நடுச்செடியில் அசுவினியை விட்டு, வாசனை காற்று வழியே பரவாமல் செடிகளை உறையிட்டு மூடினார்கள். இழையால் இணைந்திருந்த செடிகள் அசுவினியே ஏறாத நிலையிலும் அதை விரட்டும், குளவியை இழுக்கும் வாசனையை வெளியிட்டன. இணைப்பு இல்லாதவை வெளியிடவில்லை. அழகான சோதனை. ஆனாலும் அது தொட்டியில் நடந்தது. உழவும் களையெடுப்பும் நடக்கும் வயலில் அந்த இழை வலை எவ்வளவு நாள் அறுபடாமல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை நம்பி இடைவெளியையோ நடவையோ மாற்றத் தேவையில்லை.

சரி, போடும் முறை. இங்கே காலம்தான் எல்லாம். பூசண வித்து (ஸ்போர்) முளைத்து, வேரைத் தொட்டு, உள்ளே நுழைந்து, வேர் நெடுகப் பரவ 4 முதல் 6 வாரம் ஆகும். தயார் நிலை அதற்குப் பிறகுதான். புழு வந்த பிறகு வேம் போடுவது, தண்ணீர் வடிந்த பிறகு கரை கட்டுவது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெங்காயம் போன்ற நாற்றுப் பயிர்களுக்கு நாற்றங்காலிலேயே போட்டுவிட்டால், நடவு வயலுக்குப் போகும்போதே நாற்று பூசணத்தோடு போகும். அளவும் வெகுவாக மிச்சம்.

மண், வெர்மிகுலைட் கலந்து விற்கும் பருமனான வேமுக்கு வழக்கமான அளவு இது. மேட்டுப்பாத்திக்கு சதுர மீட்டருக்கு 100 கிராம். விதை விழும் இடத்துக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே சீராகப் பரப்பி, மேலே மண் மூடி, அதன்மேல் விதைக்க வேண்டும். முளைத்து இறங்கும் வேர் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும், கணக்கு அதுதான். பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம். குழித்தட்டு என்றால் ஊடகத்தின் கன அளவில் 5 முதல் 10 சதவீதம் கலந்து நிரப்பலாம். நேரடி நடவில் குழிக்கு 20 கிராம், வேர் தொடும்படி. வளர்ந்த மரத்துக்கு 200 கிராம், அதுவும் தண்டருகே கொட்டாமல், கிளை நிழல் விளிம்பில் மண்ணைக் கிளறி மெல்லிய வேர் தெரியும் இடத்தில். செறிவூட்டிய பொடிகளுக்கு அளவு வேறு, பையில் கிராமுக்கு எத்தனை உயிருள்ள வித்து என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அந்த எண் போடாத பையை வாங்காதீர்கள்.

மண் மேல் தூவிவிட்டுப் போவது வீண். சொட்டுநீரில் விடுவதும் பல நேரம் வீண்தான். வித்துகள் பெரும்பாலும் 50 முதல் 200 மைக்ரான். 120 மெஷ் வடிகட்டியின் ஓட்டை ஏறக்குறைய 130 மைக்ரான். பெரிய வித்தெல்லாம் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

சொந்தமாகப் பெருக்க விரும்பினால், நன்கு சோதித்த முறை ஒன்று உண்டு. 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழக் குழி. உள்ளே கருப்பு பாலித்தீன் விரிப்பு. 50 கிலோ வெர்மிகுலைட்டோடு நுண்ணுயிர் நீக்கிய மண் 5 கிலோ கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். தாய் வேம் 1 கிலோவை மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் பரப்புங்கள். மக்காச்சோள விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 2 நிமிடம் வைத்து, கழுவி விதையுங்கள். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் யூரியா 10 கிராம் வீதம். சூப்பர் பாஸ்பேட் எவ்வளவு கொஞ்சம் என்று கவனியுங்கள், அதில் கை தாராளமானால் குழி முழுவதும் வெறும் மக்காச்சோள வேர்தான் மிஞ்சும். 60 நாளில் தட்டையைத் தரையோடு அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி ஊடகத்தோடே கலந்துவிடுங்கள். சுமார் 55 கிலோ கிடைக்கும், 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும். வேர்ப்புழுவோ நூற்புழுவோ உள்ள மண்ணைக் குழியில் சேர்த்தால் அதையும் 55 கிலோவாகப் பெருக்கி வயலெங்கும் பரப்புவீர்கள். மண்ணை நுண்ணுயிர் நீக்கச் சொல்வது அதற்காகத்தான்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் மணிச்சத்தில். செடி மணிச்சத்துப் பசியில் இருக்கும்போதுதான் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை வேர் வழியே கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கிறது. மணிச்சத்து நிறைந்த டிஏபி உரம் தாராளமாகக் கிடைத்தால் அழைப்பு நின்றுவிடும், உள்ளே வந்த பூசணத்துக்கும் சர்க்கரை குறையும். இதில் ஒரு பொறி உண்டு. பூசணம் குடியேறும் முதல் சில வாரம் நாற்று கொஞ்சம் சோர்ந்து, பக்கத்து நாற்றைவிடச் சிறிதாகத் தெரியலாம். சர்க்கரையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது, வரவு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதைப் பார்த்துப் பதறி டிஏபி கரைத்து ஊற்றினால் நாற்று பச்சைப்பசேல் என்று எழுந்து நிற்கும், பூசணம் போய்விடும். பொறுங்கள்.

அடுத்தது பூசணக்கொல்லி. நாற்றழுகலுக்குக் கார்பன்டசிம் கரைத்து வேரில் ஊற்றினால் வேமும் சேர்ந்து சாகும். அதன் உறவான பெனோமிலை, வயலில் வேம் இல்லாத பாத்தி வேண்டும் என்னும்போது ஆய்வாளர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். மெட்டலாக்சில் வேறு வகைக் கிருமியைக் குறிவைப்பது, வேமை அவ்வளவாகத் தொடாது. இலைமேல் தெளிப்பதைவிட வேரில் ஊற்றுவதுதான் பெரிய சேதம்.

முட்டைக்கோசு, காலிஃபிளவர், கடுகு, முள்ளங்கி, கீரைத்தண்டு, பீட்ரூட் ஆகியவை வேமோடு சேராத குடும்பங்கள். இவற்றுக்குப் போட்டால் காசு வீண். இவற்றைப் பயிரிட்ட வயலிலும், வெகுநாள் தரிசாகக் கிடந்த வயலிலும், வெயிலில் பாலித்தீன் மூடிச் சூடேற்றிய பாத்தியிலும் இயற்கையாக இருக்கும் பூசணமும் மெலிந்திருக்கும். வேம் போட்டால் பலன் மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். மாறாக, ஆண்டு முழுவதும் சோளம், பயறு, வெங்காயம் என்று மாறி மாறிச் செடி நிற்கும், உழவு குறைந்த நிலத்தில் சொந்தப் பூசணமே போதிய அளவு இருக்கலாம்.

பையை வெயிலில் வைத்துவிட்டுப் போவது, ரசாயன உரத்தோடு ஒரே கூடையில் கலப்பது, தண்ணீர் தேங்கும் பாத்தியில் போடுவது ஆகியவை சொல்லாமலே புரியும். அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்று. புழு இலையை மொட்டையடித்துவிட்டால் பூசணத்துக்குக் கொடுக்கச் செடியிடம் சர்க்கரை இருக்காது, வேரில் குடியேற்றம் சரியும். அதனால் வேம் இருக்கிறதே என்று பொறியையும் முட்டைக் குவியல் பொறுக்குவதையும் கைவிடக் கூடாது.

வேம் ஏறியதா இல்லையா என்பதை வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 100 மடங்கு காட்டும் மைக்ராஸ்கோப் போதும். நடவுக்கு முன் நாற்றின் மெல்லிய பக்கவேர்களைக் கழுவி 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரி சூட்டில் வேர் கண்ணாடி போல் ஆகும்வரை வைக்க வேண்டும், பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். அது தோலை அரிக்கும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். நன்றாக அலசி, வினிகரில் 5 சதவீதம் கருப்புப் பேனா மை கலந்த கரைசலில் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்தால் வேரின் நிறம் வெளுத்து, பூசணத்தின் நிறம் மட்டும் நிற்கும்.

கண்ணாடித் தகட்டில் வேர்த்துண்டைப் பரப்பிப் பார்த்தால், செல்களுக்கு இடையே நீளவாக்கில் ஓடும் கருத்த இழைகள் தெரியும். ஆங்காங்கே முட்டை வடிவில் எண்ணெய்ப் பைகள். 400 மடங்குக்கு மாற்றினால் சில செல்களுக்குள் குட்டி மரம் போலக் கிளைத்த உருவம் தெரியும். சத்து கைமாறுவது அங்கேதான். ஒவ்வொரு மரமும் சில நாள்தான் உயிரோடிருக்கும், சரிந்ததும் பக்கத்தில் புதியது எழும். எண்ணெய்ப் பைகள் மட்டும் நிறைய, மரம் எங்குமே இல்லை என்றால் உறவு ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மணிச்சத்து எவ்வளவு போட்டீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

வேர்த்துண்டுகளைக் கட்டம் போட்ட தட்டில் பரப்பி, வேர் கட்டக் கோடுகளை வெட்டும் 100 இடங்களைப் பார்த்து, எத்தனையில் பூசணம் இருக்கிறது என்று எண்ணினால் அதுவே சதவீதம். ஐந்தோ பத்தோ வந்தால் அந்த நாற்றிலிருந்து பூச்சி எதிர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வயலில் பலனை அறிய, வேம் இல்லாமல் வளர்த்த நாற்றில் இரண்டு வரிசையாவது நடுவில் விடுங்கள். உரம், தண்ணீர், தெளிப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு பக்கமும் 20 செடியைக் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை புழு எண்ணிக்கையோடு புழுவின் அளவையும் எழுதுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, வேம் பக்கத்துப் புழுக்கள் மட்டும் சிறுத்தே கிடக்கலாம். அந்துப்பூச்சி முட்டையிடுவதைச் செடி தடுப்பதில்லை, பொரித்த புழுவை வளரவிடாமல்தான் வைக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டு, வேம் வேலை செய்யவில்லை என்று எழுதிவைத்துவிடுவார்.